வேம்பு அக்கா வந்துடுவாங்க

இல்ல சார், போன் பண்ணாதீங்க. பண்ணாலும் எடுக்க மாட்டாங்க, ஸ்விட்ச் ஆஃப்னுதான் வரும். வந்துடுவாங்க சார். வேம்பு அக்கா வந்துடுவாங்க. அதுக்குள்ள நீங்க எதையும் எழுதிடாதீங்க. அந்தப் பேனாவ மட்டும் கொஞ்சம் கீழ வைங்க.

ஆமா, விசாரணை நோட்டீஸ்ல பத்தரைன்னுதான் போட்டிருந்துச்சு. நான் அதுக்கு முன்னாடிலேர்ந்தே இந்த வராண்டாவுலதான் நிக்கிறேன். நீங்க கார விட்டு எறங்கினப்ப பன்னண்டு தாண்டிருச்சு. குறை சொல்லல சார். தஞ்சாவூர்லேர்ந்து வர்றீங்க, மழை வேற, வழியெல்லாம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான். ஆனா ஒன்னு. நீங்க லேட்டா வந்தா ரோடு சரியில்ல, வேம்பு அக்கா லேட்டா வந்தா ஆஜராகவில்லையா? அப்படி எழுதத்தானே பேனாவ எடுத்தீங்க?

நானா? ஷிஃபா சார். பி.ஏ. எகனாமிக்ஸ் செகண்ட் இயர், வேம்பு அக்காவும் நானும் ஒரே க்ளாஸ். ஊரு குத்தாலம், அருவி இருக்கற ஊரு இல்ல, ஆடுதுறைக்கு அந்தப் பக்கம். அங்க கடைத்தெருவுல பாத்திரக்கடை வச்சிருக்காரு ஜாஃபர் சாதிக்னு, அவரு பொண்ணு. சாட்சியான்னு கேட்டா, சாட்சின்னே வச்சுக்குங்க. நடந்ததெல்லாம் என் பெஞ்சுலதான் நடந்துச்சு. அவங்க வர்ற வரைக்கும் நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருக்கலாம்ல? எப்படியும் சும்மாதானே உக்காந்திருக்கீங்க.

ஐயோ, தப்பா வந்துருச்சு சார், மன்னிச்சிடுங்க. எங்கம்மாவும் இதத்தான் சொல்லுவாங்க, உன் வாய்க்கு ஒரு தாப்பாள் போட்டாத்தான் உன்னை ஒரு வீட்டுக்கு அனுப்ப முடியும்னு. எங்க அத்தா அதுக்கும் மேல. உன்னை கல்லாவுல உக்கார வச்சா வாங்க வந்தவன் ஏற்கெனவே வாங்கினதையும் திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்கறாரு.

அமைதியாவா? ஆமா, காலேஜு அமைதியாத்தான் இருக்கு. பரீட்சைக் காலம் சார், அப்படித்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். நடந்தது இவ்வளவுதான். வேம்பு அக்கா மூனு நாளு நடவுக்குப் போயிட்டாங்க. அந்த மூனு நாளும் அவங்க எடத்துல அவங்க கொழுந்தன் பொண்டாட்டி ராஜாத்தி வந்து க்ளாஸ்ல உக்காந்துச்சு. பேரு கூப்பிட்டப்ப வந்திருக்கேன்னு சொல்லுச்சு. மூனாவது ஆளு யாரும் இல்ல, பணம் காசு இல்ல, பரீட்சையும் இல்ல. வெறும் அட்டெண்டென்ஸ். அத உங்க முன்னாடி இருக்குற பேப்பர்ல என்னன்னு எழுதியிருக்காங்க? ஆள்மாறாட்டம். அதுக்கு தண்டனை என்ன? காலேஜ விட்டு நீக்கம். நாப்பது வயசுல படிக்க வந்த ஒரு பொம்பளைய வெளியில அனுப்பறதுக்கு ஒரு பெரிய வார்த்தை வேணும்ல, தேடிப் பிடிச்சிருக்காங்க.

கோவமா பேசறேனா? நான் சாதாரணமா பேசறதே இப்படித்தான் சார்.

உங்களுக்கு எந்த ஊரு? சும்மாதான் கேக்கறேன். நெலம் உண்டா? கொஞ்சமா. கொஞ்சமா இருந்தாலும் நடவுக்கு ஆளு வந்திருப்பாங்கல்ல? அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. பன்னண்டு ஆளுன்னு பேசினா பன்னண்டு ஆளு வரிசையா எறங்கணும். அதுல ஒருத்திக்கு காய்ச்சல்னா அவ பொண்ணு வருவா, நாத்தனார் வருவா, பக்கத்து வீட்டுக்காரியாச்சும் வருவா. வந்து, நான் இன்னாருக்குப் பதிலா வந்திருக்கேன்னு சொல்லிட்டு அவ நிக்கிற எடத்துலயே நிப்பா. கூலியும் அவ பேருக்குத்தான் போகும். பதில் ஆளு அனுப்பாம நின்னுட்டா என்ன ஆகும்? அந்த எடத்துல வேற ஒருத்திய சேர்த்துருவாங்க. அப்புறம் அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு அந்த செட்டுல எடம் கிடையாது. வெளியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதனால அவங்க ஊருல எடத்த காலியா விடறதுதான் தப்பு. ஆளு மாத்தி விடறது மரியாதை.

உங்க வீட்டு வயல்ல எறங்கினவங்கள என்னிக்காவது நீ யாரு, அவ எங்கன்னு கேட்டிருக்கீங்களா சார்? தல எண்ணிப் பார்த்திருப்பீங்க. அவ்வளவுதானே? அப்ப தல சரியா இருந்தா போதும். இப்ப மட்டும் முகம் வேணும்.

இருங்க, இருங்க. காலேஜு வேற, வயலு வேறன்னு சொல்லப் போறீங்க. இதையே நானும் அக்காகிட்ட சொன்னேன் சார்! பஸ்ஸுலதான், குத்தாலத்துலேர்ந்து ரெண்டு பேரும் ஒன்னாத்தான வர்றோம், ஆடுதுறை தாண்டற வரைக்கும் சண்டை. ராஜாத்தி சாப்புட்டா உங்களுக்கு பசி அடங்குமா, ராஜாத்தி கேட்டா உங்களுக்கு பாடம் ஏறுமான்னு கத்தினேன். கண்டக்டரே திரும்பிப் பார்த்தாரு. அக்கா கடைசியில, எனக்கு அது தெரியாதா ஷிஃபா, பாடம் ஏறாதுன்னு தெரியும், எடம் போயிடுமோன்னுதான் பயந்தேன்னாங்க.

எடம் எப்படிப் போகும்? நல்லா கேட்டீங்க. அதுக்கு அவங்க எப்படி இங்க வந்து சேர்ந்தாங்கன்னு தெரியணும்.

எட்டாவதோட நின்னவங்க. பத்தாவதும் பன்னண்டாவதும் தனித்தேர்வா எழுதினாங்க. பன்னண்டாவதுல ரெண்டு பாடம் போச்சு, மறுபடி எழுதினாங்க. ஒரே பையன், ஐடிஐ முடிச்சிட்டு திருப்பூர் பக்கம் போயிட்டான். இவங்க இங்க வந்து அப்ளிகேஷன் கேட்டிருக்காங்க. ஜன்னல்ல இருந்தவரு, பொண்ணுக்கா பையனுக்கான்னாரு. எனக்குன்னாங்களாம். உள்ள ஒரே சிரிப்பு. பேரன் பொறந்தா ரெண்டு பேரும் ஒரே வேன்ல வரலாமேன்னு ஒருத்தரு. அப்புறம் டி.சி. கேட்டாங்க. தனித்தேர்வு எழுதினவங்களுக்கு டி.சி. ஏது? டி.சி. இல்லாம சேர்க்க முடியாதுங்கறது ஒரு ஆளு, தனித்தேர்வுன்னா டி.சி. தேவையில்லங்கறது ஒரு ஆளு, ரெண்டு பேரும் ஒரே ரூமுல, ஒரே ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு! இவங்க மாத்தி மாத்தி அலைஞ்சாங்க. வயசு தடையில்லன்னு ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கு சார், நான் வரி வரியா படிச்சிட்டேன். ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கறது ஜன்னலுக்குத் தெரியணுமே.

கடைசியா சேர்த்துக்கிட்டாங்க. சேர்த்துக்கிட்டு, ரசீத நீட்டறப்ப ஒருத்தரு சொன்னாராம்: சின்னப் புள்ள ஒன்னு உக்கார வேண்டிய எடம்மா இது, அதுல நீ வந்து உக்கார்ற, பாத்துக்கன்னு.

அவருக்கு அது ஒரு வார்த்தை. சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. இவங்க அத ஒன்னரை வருஷமா தூக்கிக்கிட்டுத் திரியறாங்க. காய்ச்சலோட வந்திருக்காங்க. மாமியார் செத்து, பால் தெளிச்ச மறுநாள் வந்திருக்காங்க. மழைக்கு கலெக்டர் லீவு விட்ட அன்னிக்கும் வந்து, பூட்டின கேட்டுக்கிட்ட நின்னு, வாட்ச்மேன்கிட்ட நான் வந்தேன்னு சொல்லிடுங்கன்னுட்டுப் போயிருக்காங்க. சிரிக்காதீங்க சார். நாங்களும் சிரிச்சோம். அப்புறம் சிரிக்க முடியல.

எதுக்கு இந்த வயசுல படிக்கணும்னா? இதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. நானும் கேட்டேன். ஆசையா இருந்துச்சு, ஆசைக்கு காரணம் சொல்லணுமான்னு திருப்பிக் கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். நான் ஏன் படிக்கிறேன்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல சார். எனக்கே தெரியாது. பன்னண்டாவது முடிஞ்சுச்சு, அடுத்த பஸ்ஸு காலேஜுக்குப் போச்சு, ஏறிட்டேன். காரணமே இல்லாத எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. இத்தனை அலைச்சல் பட்டு வந்தவங்களுக்கு விசாரணைக் கமிஷன்.

முதல் நாள் என்ன நடந்துச்சு தெரியுமா? வயசானவங்க க்ளாஸுக்குள்ள வந்தா வாத்தியாருன்னு நெனச்சு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்கன்னு கதையில எழுதுவாங்கல்ல? ஒருத்தரும் எந்திரிக்கல. கறுப்பா, கால்ல வெடிப்போட, நைலக்ஸ் சேலையில வந்தா வாத்தியாருன்னு யாரு நெனப்பா? எங்க க்ளாஸ் பையன் ஒருத்தன், அக்கா, இந்த பெஞ்சு ஒரே தூசியா இருக்கு, கொஞ்சம் தொடச்சிட்டுப் போங்கன்னான். அக்கா முந்தானைய எடுத்து, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்தமா தொடச்சாங்க. தொடச்சிட்டு அதே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அன்னிலேர்ந்து நான் அந்த பெஞ்சுதான்.

சார், மணிய பாக்காதீங்க. வந்துடுவாங்க.

அவங்க ஒன்னும் மேதையில்ல. அத நான் சொல்ல வரல. போன செமஸ்டர்ல இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறி பாஸ். கணக்கு வர்ற பாடம்னா ஒரே வரிய மூனு தடவை அடிச்சு அடிச்சு எழுதுவாங்க. க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல டைப் பண்ண மாட்டாங்க, வாய்ஸ்தான் போடுவாங்க, அதுல பின்னாடி ட்ராக்டர் ஓடும். தினம் காலையில ரோஜாப்பூ படத்தோட இனிய காலை வணக்கம் அனுப்புவாங்க, ஹெச்.ஓ.டி. உட்பட எல்லாருக்கும். அதுக்காக நான் அவங்களுக்குப் பேச வரல. படிப்புல சுமாரா இருக்கறதுக்கு எங்களுக்கெல்லாம் உரிமை இருக்கு, அவங்களுக்கும் இருக்கட்டுமே.

வாங்கண்ணே. சார், இவரு சாமிதுரை அண்ணன், ஆபீஸ் அட்டெண்டர். டீ கொண்டாந்திருக்காரு. நான் ஏன் இங்க இருக்கேனா? சாரோட பேசிக்கிட்டிருக்கேன்ணே. நீங்க டீய வச்சுட்டுப் போங்க, ஆறிடும். போங்கண்ணே, நான் அப்புறம் வந்து சொல்றேன். அவரு அப்படித்தான் சார், என்னை எங்க பார்த்தாலும் இப்படித்தான் முழிப்பாரு. சக்கரை பத்துதா?

ஏன் ராஜாத்தி நடவுக்குப் போயிட்டு அக்கா க்ளாஸுக்கு வந்திருக்கலாமேன்னு நீங்க கேக்கணும், கேக்கல. நானே சொல்லிடறேன். ராஜாத்திக்கு காலெல்லாம் சேத்துப்புண்ணு. விரலு இடுக்கெல்லாம் வெடிச்சு, தண்ணியில கால வைக்க முடியல. அந்த வாரம்தான் வாய்க்கால்ல தண்ணி வந்து, சேறடிச்சு வச்சுட்டாங்க. நாத்து முத்திக்கிட்டு நிக்குது. மழையில மெஷினு எறங்காது. அந்த செட்டுக்கு நடவு பேசி வாங்கறதே வேம்பு அக்காதான். பேசினவங்க வரலன்னா மத்த பதினோரு பேருக்கும் வேலை போச்சு. அக்கா என்ன பண்ணுவாங்க? சேத்துல எறங்க முடியாதவள பெஞ்சுல உக்கார வச்சுட்டு, பெஞ்சுல உக்கார வேண்டியவங்க சேத்துல எறங்கினாங்க. அவங்க கணக்குல ரெண்டு எடமும் நெறைஞ்சிருச்சு.

ராஜாத்தி ஒளிஞ்சு மறைஞ்சு வந்துச்சுன்னா நெனக்கிறீங்க? பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்துச்சு சார்! காலேஜுக்குப் போறோம்ல. தலை நெறைய கனகாம்பரம். கால்ல மஞ்ச பத்து. வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, வேம்பு இங்கனதான உக்காரும்னு கேட்டு உறுதி பண்ணிக்கிச்சு. இளவழகன் சார் வந்தாரு. எங்க எகனாமிக்ஸ் சாரு. குனிஞ்ச தல நிமிராம நம்பர் கூப்பிட்டாரு. அக்கா நம்பர் வந்ததும் இது எந்திரிச்சு நின்னு, வேம்புக்குப் பதிலா நான் வந்திருக்கேங்கய்யான்னுச்சு. பளிச்சுன்னு, நாலு பெஞ்சுக்குக் கேக்கற மாதிரி. க்ளாஸே சிரிச்சுச்சு. சாரு, சைலன்ஸ்னு சொல்லிட்டு டிக் அடிச்சிட்டாரு.

சத்தியமா சார். நாப்பது பேரு கேட்டோம். யாரையும் கூப்பிட்டுக் கேளுங்க. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு.

க்ளாஸ் முடியற வரைக்கும் ராஜாத்தி முதுக சாய்க்கல. சாய்ஞ்சா வேம்புக்கு கெட்ட பேருன்னு. சாயங்காலம் வீட்டுக்குப் போயி பாடத்த ஒப்பிச்சிருக்கு. அந்தய்யா ஒரு கோடு போட்டாரு, அது மேலேர்ந்து கீழ வந்துச்சு. இன்னொரு கோடு போட்டாரு, அது கீழேர்ந்து மேல போச்சு. ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல ஒரு புள்ளி வச்சாரு. அங்க நின்னாத்தான் நல்லதாம், ஆனா யாரும் நிக்கறதில்லையாம்னு சொல்லுச்சாம். அக்கா அத நோட்டுல எழுதி வச்சிருக்காங்க சார், நான் பார்த்தேன். ரெண்டாவது நாளு இளவழகன் சார் ஏதோ கேள்வி கேட்டப்ப, நான் பதிலாளுங்கய்யா, பதிலு வேம்புவ கேளுங்கன்னு சொல்லப் போச்சு, நான்தான் தொடைய கிள்ளி உக்கார வச்சேன்.

இதுவா ஆள்மாறாட்டம்? மாறாட்டம்னா மறைக்கணும் சார். இது மைக் வச்சு சொல்லாத குறை.

மூனாவது நாளு அசைன்மெண்ட் பேப்பர் குடுத்தாரு. வேம்புன்னு கூப்பிட்டதும் ராஜாத்தி போயி ரெண்டு கையையும் ஏந்தி வாங்குச்சு. அப்பத்தான் அவரு மொத மொதல்ல நிமிர்ந்து பார்த்தாரு. நீ யாருன்னாரு. ராஜாத்திங்கய்யா, வேம்புக்குப் பதிலா. அவ எங்க? நடவுலங்கய்யா. சாருக்கு முகமெல்லாம் செவந்துருச்சு. அவரு கெட்டவரு இல்ல சார், நல்லா பாடம் எடுப்பாரு. அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா அவருக்கு ஏன் கோவம் வந்துச்சு? ஏமாத்திட்டாங்கன்னா? இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல தன் க்ளாஸ்ல இருக்கற ஒரு பொம்பளையோட முகமே தனக்குத் தெரியலங்கறது எங்க முன்னாடி தெரிஞ்சுபோச்சு. நாப்பது வயசுக்காரி ஒருத்திதான் க்ளாஸ்ல, சார். ஒரே ஒருத்தி. அவங்க இருபத்தஞ்சு வயசு ராஜாத்தியா மாறி உக்காந்திருந்தப்பவும் அவருக்கு வித்தியாசம் தெரியல. கம்ப்ளெயின்ட் அந்தக் கோவத்துல எழுதினது. நீங்க அத படிக்கறப்ப அத மனசுல வச்சுக்குங்க.

ஏன் சார் முகத்தச் சுளிக்கறீங்க? வாத்தியார இப்படிப் பேசலாமான்னா? சரி, வாத்தியாருங்க பத்தியே பேசுவோம். நீங்களும் க்ளாஸ் எடுக்கறவருதானே? நீங்க லீவு போட்டா என்ன நடக்கும்? வேற சாரு வந்து உக்காருவாரு. உங்க பாடம் அவருக்குத் தெரியாது. எங்கள பேசாம இருக்கச் சொல்லிட்டு போன பார்த்துக்கிட்டு இருப்பாரு. உங்க எடம் காலி இல்லன்னு ரெஜிஸ்டர்ல ஏறிடும். இன்னொரு நாளு நீங்க அவருக்கு உக்காருவீங்க. அதுக்கு இங்க என்ன பேரு? க்ளாஸ் அட்ஜஸ்ட்மெண்ட்! வேம்பு அக்கா பண்ணா ஆள்மாறாட்டம். அகராதி யாரு கையில இருக்கோ அவங்க இஷ்டம்.

எங்க அத்தா தொழுகைக்குப் போறப்ப பக்கத்துக் கடை முருகையன் மாமாதான் வந்து எங்க கல்லாவுல உக்காருவாரு. நெத்தி நெறைய விபூதியோட, மேல மக்கா படம் மாட்டியிருக்கும், கீழ இவரு குத்துவிளக்கு வித்துக்கிட்டு இருப்பாரு. ஒருத்தராவது நீ எப்படிய்யா ஜாஃபர் சாதிக்னு கேட்டிருக்காங்களா? கடைய அடைச்சிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். இந்தப் பக்கமெல்லாம் நாங்க இப்படித்தான் சார் ஓட்டிக்கிட்டிருக்கோம். ஒருத்தரு எழுந்து போனா இன்னொருத்தரு உக்காருவோம்.

இல்ல, அவங்க பண்ணது சரின்னு நான் சொல்லல. தப்புதான். க்ளாஸ்ல இன்னொருத்தர உக்கார வைக்கக் கூடாது, அத நான் ஒத்துக்கறேன். எழுதிக்கங்க. அந்த மூனு நாளு அட்டெண்டென்ஸ அடிச்சிடுங்க, ஃபைன் போடுங்க, மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. இனிமே செய்யக் கூடாதுன்னு ஒரு தடவை சொன்னா போதும், செய்ய மாட்டாங்க. அவங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலயே! ஒரு நாளு வரலன்னா எடம் போகாதும்மா, லீவ் லெட்டர்னு ஒன்னு இருக்கு, அத குடுத்தா போதும்னு சொல்ல ஒரு நாதியில்ல. மழை லீவுக்கு கேட்டுல வந்து நின்னப்பவே யாராச்சும் சொல்லியிருக்கணும். நான் சொல்லியிருக்கணும்னா? ஆமா, நானும்தான். எனக்கும் தோணல. எங்களுக்கெல்லாம் அது பொறந்ததுலேர்ந்து தெரியும், தெரியாதவங்க இருப்பாங்கன்னு யாருக்குத் தோணுது?

சார். சார், என்ன எழுதறீங்க? அவங்க வர்றதுக்கு முன்னாடி முடிவ எழுதக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரோட பக்கத்தக் கேக்காம எப்படி எழுதுவீங்க? நேரமாகுதுன்னா? இத்தனை நேரம் இருந்தீங்க, இன்னும் கொஞ்சம் இருங்க. மழை விட்டுடட்டும், ரோடு வேற... கதவத் தொறக்காதீங்க சார். பிரின்சிபால் ரூமுல யாரும் இல்ல. ரவுண்ட்ஸ் போயிருக்காரு. ஆள விட்டுத் தேடச் சொல்றீங்களா? எங்க போயித் தேடுவாங்க? வேணாம் சார். ப்ளீஸ். உக்காருங்க. இப்ப ஆள விட்டீங்கன்னா எல்லாம் போச்சு.

என்னா போச்சா? ஒன்னுமில்ல. உக்காருங்க, சொல்றேன்.

பெல்லா? ஆமா. பெல்தான். ஒரு நிமிஷம் சார், முழுசா அடிச்சு முடிக்கட்டும்.

அப்பாடா.

ஒன்னுமில்ல சார், இப்ப பேப்பர வாங்கிக் கட்டியிருப்பாங்க. பரீட்சை பேப்பர். இன்னிக்கு எங்களுக்கு தேர்ட் செமஸ்டர் புள்ளியியல், பத்துலேர்ந்து ஒன்னு. வேம்பு அக்கா காலையிலேர்ந்து மாடியிலதான் சார் இருக்காங்க, உங்க தலைக்கு மேல, எட்டாம் நம்பர் ஹால்ல. நான் பொய் சொல்லல. வந்துடுவாங்கன்னுதான் சொன்னேன். இப்ப படியில எறங்கிக்கிட்டு இருப்பாங்க.

கத்தாதீங்க சார். பரீட்சை நேரத்துல விசாரணைய போட்டது நாங்க இல்ல. ஆபீஸ்ல போயி கேட்டோம், மறுபடியும் போயி கேட்டோம். யுனிவர்சிட்டி போட்ட தேதி, மாத்த முடியாதுன்னுட்டாங்க. இங்க வந்தா பரீட்சை போச்சு. அங்க போனா ஆஜராகவில்லைன்னு எழுதி, ஹால்லேர்ந்து எழுப்பி விட்டிருப்பீங்க. போன தடவை இப்படித்தான் ஒரு பையன பாதியில எழுப்பினாங்க, நாங்க பார்த்தோம். இனிமே எழுப்ப முடியாது. எழுதினது எழுதினதுதான். நீங்க என்ன முடிவு வேணா எடுங்க சார், ஆனா அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க.

ராஜாத்தி வந்திருக்கலாமேன்னா? அது வந்து, ஆமாங்கய்யா நான்தான் உக்காந்தேன்னு ஒரே மூச்சுல முடிச்சிரும். நீங்க அடுத்த நிமிஷம் கையெழுத்து போட்டுட்டு கார்ல ஏறியிருப்பீங்க. பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்ல. ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்ல தமிழ்நிலான்னு ஒருத்தி, அவளுக்கு இன்னிக்குப் பரீட்சை இல்ல, நான் போறேன்னு சொல்லியிருந்தா. நேத்து சாயங்காலம் அவங்க வீட்டுல இந்த வம்பெல்லாம் வேணாம்னு தடுத்துட்டாங்க. அத நான் அக்காகிட்ட சொல்லல. சொன்னா ஹாலுக்கே போயிருக்க மாட்டாங்க.

என்ன சார் திடீர்னு இப்படிப் பார்க்கறீங்க? ஆமா, அதே க்ளாஸ்தான். ஆமா, எனக்கும் அதே பேப்பர்தான். ஏப்ரல்ல அரியரா எழுதிக்குவேன், அது ஒரு பெரிய விஷயமா? அத விடுங்க. எங்க அத்தாவ நான் சமாளிச்சுக்குவேன்.

வர்றாங்க சார், செருப்புச் சத்தம். ஒரே ஒரு உதவி. என் பேப்பர் பத்தி மட்டும் அவங்க முன்னாடி வாயத் தொறக்காதீங்க. ப்ளீஸ்.

வாங்கக்கா. உள்ள வாங்க, செருப்பெல்லாம் கழட்ட வேணாம். சாரு உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு. மூச்சு வாங்குது, மெதுவா. எத்தனை கணக்கு போட்டீங்க? நாலா! நான் சொன்ன அந்த இடைநிலைக் கணக்கு வந்துச்சா? நல்லதுக்கா.

தமிழ்நிலாவா? அவ இப்பத்தான் போனா. எனக்கா? நான் என் ஹால்ல சீக்கிரமே எழுதிக் குடுத்துட்டு ஓடியாந்துட்டேன். ஈஸிதாங்கக்கா.